கையில் ஒரு மண்டையோடு: பாலூட்டிகளை வகைப்படுத்தத் தொடங்குபவர்களுக்கு

பாலூட்டிகளைப் படிக்கத் தொடங்கிய முதல் வருடத்தில் என்னிடம் பதினொரு மண்டையோடுகள் சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் நானே பெயர் எழுதி ஒட்டியிருந்தேன். இந்தத் துறையில் பல காலம் உழைத்த ஒருவரிடம் அவற்றைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கே கிடைத்தது, எப்போது கிடைத்தது?" என்று மட்டும் கேட்டார். இரண்டுக்குத்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. ஒட்டியிருந்த பெயர்களில் நான்கு தவறு. சிலவற்றை வைத்திருக்கவே அனுமதி வேண்டும் என்பதும் அன்றுதான் தெரிந்தது.

ஒரு வருட உழைப்பு அப்படிப் போனது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கையில் இருப்பது மண்டையோடாக இருக்கலாம், சாலையில் அடிபட்டுக் கிடந்த விலங்கின் படமாக இருக்கலாம், ஈர மண்ணில் பதிந்த கால்தடமாகவும் இருக்கலாம். எதுவானாலும் பெயரைக் கடைசியாக வையுங்கள். நான் பெயரில் தொடங்கி, அதற்குப் பொருந்தும் ஆதாரங்களைத் தேடினேன். அங்கேதான் எல்லாம் கோணியது.

1. இது பாலூட்டிதானா?

முடியும் பாலும் பாலூட்டியின் அடையாளம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மண்டையோட்டில் இரண்டுமே இருக்காது. அப்போது கீழ்த்தாடையைப் பாருங்கள். பாலூட்டியின் கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒரே ஓர் எலும்புதான். பல்லி, பாம்பு, மீன் ஆகியவற்றின் தாடையில் பல எலும்புகள் சேர்ந்திருக்கும். ஒட்டிய கோடுகளை லென்ஸ் வைத்துப் பார்த்தாலே தெரியும். அடுத்து மண்டையோட்டின் பின்பக்கம். கழுத்தோடு இணையும் இடத்தில் பாலூட்டிக்கு இரண்டு குமிழ்கள் இருக்கும். பறவைக்கும் பல்லிக்கும் ஒன்றுதான். மூன்றாவதாகப் பற்கள்: பெரும்பாலான பாலூட்டிகளுக்கு முன்னால் ஒரு வடிவம், பின்னால் வேறு வடிவம்.

காதுக்குள் இருக்கும் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகளும் உறுதியான அடையாளம்தான். ஆனால் காய்ந்த மண்டையோட்டில் அவை பெரும்பாலும் உதிர்ந்து போயிருக்கும். அவற்றைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

குட்டி போட்டால் பாலூட்டி, முட்டையிட்டால் இல்லை என்று முடிவெடுத்துவிடாதீர்கள். பல சுறாக்களும் சில பாம்புகளும் குட்டி போடுகின்றன. பிளாட்டிபஸும் எக்கிட்னாக்களும் முட்டையிட்டுப் பால் கொடுக்கின்றன. "பாலூட்டிக்குக் கழுத்தெலும்பு ஏழு" என்ற விதியும் அப்படித்தான். ஒட்டகச்சிவிங்கிக்கும் எலிக்கும் ஏழுதான். ஆனால் மானட்டி என்ற கடற்பசுவுக்கு ஆறு, மரத்தில் தொங்கி வாழும் மூவிரல் ஸ்லாத்துக்கு எட்டு அல்லது ஒன்பது.

2. படிநிலைச் சொற்களைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஒரே படிநிலைக்கு வெவ்வேறு பாடநூல்கள் வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்துகின்றன. ஒரு நூலில் வரிசை என்பது இன்னொன்றில் வருணம். ஒன்றில் பேரினம், இன்னொன்றில் சாதி. சிற்றினம் என்பதை இனம் என்றே எழுதும் நூல்களும் உண்டு. இரண்டு நூல்களைப் பக்கத்தில் வைத்துப் படித்தபோது நான் பேரினத்தையும் இனத்தையும் குழப்பி ஒரு முழு அட்டவணையைத் தப்பாக எழுதினேன். எந்தச் சொற்களை எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். நான் வைத்திருப்பது: வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம்.

பாலூட்டி என்பது வகுப்பு. அதற்குள் மூன்று பெரிய கிளைகள். முட்டையிடுபவை ஐந்தே சிற்றினங்கள்: ஒரு பிளாட்டிபஸ், நான்கு எக்கிட்னா. கங்காரு போன்ற பைம்மாக்கள் சில நூறு. மற்ற எல்லாமே நஞ்சுக்கொடி உள்ளவை. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 27 வரிசைகள். இந்த எண்ணைப் பார்த்துத் தயங்க வேண்டாம். சிற்றினங்களில் ஐந்தில் இரண்டு பங்கு கொறித்துண்ணிகள், ஐந்தில் ஒரு பங்கு வௌவால்கள். இந்த இரண்டு வரிசைகளையும் சரியாக அடையாளம் காணப் பழகினாலே பாதிக்கு மேல் வந்துவிடும்.

3. பேச்சுப் பெயரை வைத்து வகைப்படுத்தாதீர்கள்

நான் அதிகம் அடிபட்ட இடம் இது.

நம் மொழியில் விலங்குகளுக்குப் பெயர் வைத்தவர்கள் தோற்றத்தையும் வாழும் இடத்தையும் கூர்ந்து பார்த்து வைத்தார்கள். அழகான பெயர்கள். ஆனால் அவை உறவைச் சொல்வதில்லை. முள்ளம்பன்றியில் பன்றி இருக்கிறது. விலங்கோ எலி, அணிலோடு சேர்ந்த கொறித்துண்ணி. வாயைத் திறந்தால் உளி போன்ற வெட்டுப்பற்கள் தெரியும். முள்ளெலியில் எலி இருக்கிறது; அது கொறித்துண்ணியே அல்ல, மூஞ்சூறின் உறவு. அந்த மூஞ்சூறும் எலி அல்ல. நான் முதலில் எலி என்று எழுதி ஒட்டியவற்றில் ஒன்று மூஞ்சூறுதான். நீண்ட கூர்மூக்கு, மிகச்சிறிய கண், இடைவெளி இல்லாமல் வரிசையாக நிற்கும் கூரிய பற்கள். பல்லைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். வாலையும் உடல் அளவையும் பார்த்து ஏமாந்தேன்.

இன்னும் இருக்கிறது. மரநாய் நாயின் பக்கம் இல்லை, பூனையின் பக்கம். கழுதைப்புலி பார்வைக்கு நாய் போல; உறவில் அதுவும் பூனை, கீரி இருக்கும் கிளை. நீர்நாய் நாய் இருக்கும் பெருங்கிளையில்தான் வருகிறது, ஆனால் அதன் குடும்பம் மரநாயோடும் இல்லை, நாயோடும் இல்லை. வீசல், பேட்ஜர் உள்ள குடும்பம். நீர்யானைக்கும் யானைக்கும் நெருக்கமே கிடையாது. இன்று உயிரோடு இருப்பவற்றில் நீர்யானைக்கு நெருங்கிய உறவு திமிங்கிலங்கள். பெயரில் யானை இல்லாத கடற்பசுதான் யானைக்கு உறவு.

ஏன் இப்படி? ஒரே மாதிரி வாழ்க்கை ஒரே மாதிரி உடலை உருவாக்கும். எக்கிட்னா, முள்ளெலி, முள்ளம்பன்றி, மடகாஸ்கரின் டென்ரெக் நான்கும் தனித்தனியாக முள்ளைப் பெற்றவை. ஆகவே முள், செதில், இறக்கை, துடுப்பு, உணவு இவற்றில் எதை வைத்தும் முதல் முடிவு எடுக்காதீர்கள். பேச்சுப் பெயரை நோட்டில் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். "உள்ளூரில் இப்படிச் சொல்கிறார்கள்" என்ற தலைப்பில் தனியாக.

4. தொடுவதற்கு முன்: அனுமதியும் உடல்நலமும்

அனுமதியைப் பற்றி யாரும் முதலில் சொல்வதில்லை. பல நாடுகளில் காட்டு விலங்கின் எலும்பு, பல், தோல், ஏன் தானாக உதிர்ந்த மான்கொம்பைக்கூட எடுத்து வைத்திருப்பது குற்றம். "செத்துக் கிடந்தது, நான் கொல்லவில்லை" என்பது பெரும்பாலும் விடுதலை தராது. நீங்கள் இருக்கும் இடத்தின் வனவிலங்குச் சட்டத்தை முதலில் படியுங்கள். அனுமதிக்கு விண்ணப்பித்தால் மாதக்கணக்கில் ஆகலாம். களப்பணிக்குப் போக நினைக்கும் பருவத்துக்கு வெகு முன்பே எழுதுங்கள். வந்த கடிதத்தின் நகல் ஒன்று பையில் இருக்கட்டும், ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

எல்லை கடந்து எடுத்துப்போவது இன்னும் கடினம். 1975 முதல் நடப்பில் இருக்கும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை உயிருள்ள விலங்குக்கு மட்டுமல்ல, எலும்புக்கும் தோல்துண்டுக்கும் பொருந்தும். ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பும் சிறு தசைத்துண்டுக்குக்கூடக் காகிதம் கேட்பார்கள். தொடக்கத்தில் எதையும் எடுக்காமல் படம் பிடித்து அளந்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள் என்பதே என் ஆலோசனை. பழகுவதற்கு வீட்டு விலங்குகளின் மண்டையோடு போதும். நாய், பூனை, மாடு, பன்றி, முயல், எலி ஆறும் கிடைத்தால் பாடத்தில் பெரும்பகுதி அங்கேயே இருக்கிறது.

உடல்நலம் அதைவிட முக்கியம். வௌவாலை வெறுங்கையால் தொடவே தொடாதீர்கள், இறந்ததாக இருந்தாலும். வௌவாலிடமிருந்தும் பரவக்கூடிய ரேபிஸ் நோயின் அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது அரிதினும் அரிது. பாலூட்டி எதுவும் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். களத்தில் தொடர்ந்து இறங்கப் போகிறவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எலிப் புழுக்கை நிறைந்த அறையை உலர்வாகப் பெருக்காதீர்கள். தூசியில் நோய்க்கிருமி பறக்கும். கிருமிநாசினி தெளித்து நனைத்து, கையுறையோடு துடைத்தெடுங்கள்.

5. பெயருக்கு முன் பதிவு

என் பதினொன்றில் ஒன்பதைப் பயனற்றதாக ஆக்கியது பதிவு இல்லாததுதான். மண்டையோடு தொலைந்தாலும் நல்ல பதிவு பயன்படும். பதிவு தொலைந்த மண்டையோட்டை வைத்து அதிகம் சொல்ல முடியாது.

ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுங்கள். அந்த எண் நோட்டிலும், படத்தின் கோப்புப் பெயரிலும், பொருளோடு கட்டிய சீட்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சீட்டைப் பெட்டியில் மட்டும் ஒட்டாதீர்கள். மூடி மாறினால் கதை முடிந்தது. பொருளிலேயே கட்டுங்கள். பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் மை சில வருடங்களில் மங்கிவிடும், ஈரம் பட்டால் பரவும்.

தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். "3-4-2022" என்றால் ஏப்ரலா மார்ச்சா என்று படிப்பவர் திணறுவார். "3 ஏப்ரல் 2022" என்றால் சந்தேகமே இல்லை. இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் தசமத்தில் குறித்து, எத்தனை மீட்டர் முன்பின் இருக்கலாம் என்பதையும் சேருங்கள். உயரம், சூழல் (புதர், வயலோரம், பாறை இடுக்கு), நேரம், பார்த்தவர் பெயர், விலங்கு உயிரோடா இறந்தா, ஆணா பெண்ணா, வளர்ந்ததா குட்டியா. தெரியாததை வெறுமையாக விடாமல் "தெரியவில்லை" என்று எழுதுங்கள். வெற்றிடத்தைப் பார்த்தால் பின்னால் படிப்பவருக்கு நீங்கள் மறந்தீர்களா, பார்த்தும் தெரியவில்லையா என்று புரியாது.

முழு உடல் கிடைத்தால் ஐந்து அளவுகள் வழக்கம்: மொத்த நீளம், வால் நீளம், பின்பாத நீளம், காது நீளம், எடை. நீளம் மில்லிமீட்டரில், எடை கிராமில். வால் நீளத்தில் கடைசி எலும்புவரைதான் கணக்கு, நுனி முடி சேராது. பின்பாதத்தில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. சிலர் நகத்தோடு அளப்பார்கள், சிலர் நகம் நீக்கி அளப்பார்கள். நீங்கள் எப்படி அளந்தீர்கள் என்று எழுதாவிட்டால் அந்த எண்ணை எந்த நூலோடும் ஒப்பிட முடியாது. வௌவாலுக்கு முன்கை நீளம் கட்டாயம். அதை வைத்துத்தான் பல திறவுகோல்கள் (படிப்படியாகப் பெயருக்கு அழைத்துப்போகும் பட்டியல்கள்) தொடங்கும். எதையும் மூன்று முறை அளந்து மூன்று எண்ணையும் எழுதுங்கள்.

படம் எடுக்கும்போது மேலிருந்து, கீழிருந்து, பக்கவாட்டில், முன்னிருந்து, பிறகு கீழ்த்தாடை தனியாக. ஒவ்வொன்றிலும் அளவுகோல் இருக்கட்டும். அளவுகோலை மேசையில் வைத்துவிட்டு உயரமான மண்டையோட்டை மேலிருந்து எடுத்தால் அளவு தப்பும். பொருளின் நடு உயரத்துக்கு அளவுகோலைத் தூக்கி வையுங்கள்.

சுத்தம் செய்வதைப் பற்றி ஒரு சொல். அனுமதி உள்ள மண்டையோட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை அவ்வப்போது மாற்றி, வாரக்கணக்கில் பொறுத்திருப்பதே நல்ல வழி. வாடை இருக்கும், வீட்டுக்கு வெளியே மூடி வையுங்கள். அவசரப்பட்டுக் கொதிக்கவைத்தால் கொழுப்பு எலும்புக்குள் இறங்கும், பல் வெடிக்கும், மெல்லிய எலும்பு பிரியும். சலவைக்கு ஊற்றும் குளோரின் ப்ளீச்சைத் தொடவே வேண்டாம், எலும்பையே அரித்துவிடும். வெளுக்க வேண்டுமென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டும்முன் சல்லடையில் வடிகட்டுங்கள். உதிர்ந்த பல் அங்கேதான் கிடக்கும்.

6. பற்களை எண்ணுங்கள்

ஒரே ஒரு திறமையைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். பாலூட்டியின் வரிசையைப் பற்களைப்போல் வேறு எதுவும் இவ்வளவு விரைவாகச் சொல்வதில்லை.

நான்கு வகைப் பற்கள்: வெட்டுப்பல், கோரைப்பல், முன்கடைவாய்ப்பல், பின்கடைவாய்ப்பல். ஒரு பக்கத்தை மட்டும் எண்ணி, மேல்தாடைக்கு நான்கு எண், கீழ்த்தாடைக்கு நான்கு எண் எழுத வேண்டும். இதுதான் பற்சூத்திரம். மனிதனுக்கு மேலே 2-1-2-3, கீழே 2-1-2-3. கூட்டி இரண்டால் பெருக்கினால் 32. நாய்க்கு மேலே 3-1-4-2, கீழே 3-1-4-3; மொத்தம் 42. பூனைக்கு மேலே 3-1-3-1, கீழே 3-1-2-1, மொத்தம் 30. பன்றிக்கு இரண்டிலும் 3-1-4-3, மொத்தம் 44. எலிக்கு இரண்டிலும் 1-0-0-3, மொத்தம் 16. முயலுக்கு மேலே 2-0-3-3, கீழே 1-0-2-3, மொத்தம் 28. மாட்டுக்கு மேலே 0-0-3-3, கீழே 3-1-3-3, மொத்தம் 32.

கவனித்தீர்களா, மனிதனுக்கும் 32, மாட்டுக்கும் 32. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதி வைத்தால் ஒன்றுக்கும் உதவாது. சூத்திரம் முழுவதும் வேண்டும்.

பிறகு பொறிகள். ஒன்று, உதிர்ந்த பற்கள். பல் இல்லாவிட்டால் பற்குழியை எண்ணுங்கள். ஆனால் குழிக்கு ஒரு பல் என்று கணக்குப் போடாதீர்கள். கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு மூன்று வேர்கள் இருக்கும், ஒவ்வொரு வேருக்கும் ஒரு குழி. நான் ஒரு பூனையின் மண்டையோட்டில் இப்படி எண்ணி, உலகில் இல்லாத ஒரு விலங்கைக் கண்டுபிடித்தேன் என்று இரண்டு நாள் நம்பினேன். இரண்டு, குட்டிகள். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28, பூனைக்குட்டிக்கு 26. மண்டையோட்டின் எலும்புகளுக்கு நடுவே கோடுகள் திறந்து கிடந்தால், தாடைக்குள் பல் பாதி புதைந்திருந்தால், அது குட்டி, சூத்திரத்தை நம்பாதீர்கள். மூன்று, மாட்டின் கீழ்த்தாடை. முன்னால் பக்கத்துக்கு நான்கு பற்கள் ஒரே மாதிரி நிற்கும். நான்காவது கோரைப்பல், வெட்டுப்பல்லின் வடிவத்தை எடுத்திருக்கிறது. மேலே முன்பல்லே இல்லை, தடித்த ஈறுமட்டும்தான்.

இனி இதை வைத்து எப்படிப் பிரிப்பது?

முன்னால் உளி போன்ற பல், அதற்குப் பின் பெரிய இடைவெளி, பிறகு கடைவாய்ப்பற்கள் என்றால் கொறித்துண்ணி அல்லது முயல். மேல் வெட்டுப்பல்லுக்கு நேர் பின்னால் பாருங்கள். அங்கே சின்ன ஆணி போல இன்னொரு ஜோடி இருந்தால் முயலும் அதன் சிறிய உறவான பிகாவும் உள்ள லேகோமார்ஃபா வரிசை. இல்லாவிட்டால் கொறித்துண்ணி. இந்த ஒரே பார்வை இரண்டு வரிசைகளைப் பிரித்துவிடும். பல கொறித்துண்ணிகளின் வெட்டுப்பல் ஆரஞ்சு நிறமாக இருக்கும். எனாமலில் இரும்பு இருப்பதால். அழுக்கு என்று தேய்க்காதீர்கள்.

பெரிய கோரைப்பல்லும், கத்தரிக்கோல் போல் ஒன்றையொன்று உரசும் ஒரு ஜோடிக் கடைவாய்ப்பல்லும் இருந்தால் கார்னிவோரா வரிசை. அந்த ஜோடி மேலே நான்காம் முன்கடைவாய்ப்பல், கீழே முதல் பின்கடைவாய்ப்பல். இந்த வரிசைக்குத் தமிழில் ஊனுண்ணி என்று பெயர் வைத்ததால் ஒரு குழப்பம் வருகிறது. இறைச்சி தின்னும் எல்லாமே இதில் வராது. டால்பின் மீன் தின்கிறது, இதில் இல்லை. மூங்கில் தின்னும் பாண்டா இதில்தான் இருக்கிறது. கரடிகளில் அந்தக் கத்தரிப்பல் தட்டையாகி அரைக்கும் பல்லாக மாறியிருக்கும். வரிசை என்பது வம்சம். உணவுப்பட்டியலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சின்ன மண்டையோடு, இடைவெளி இல்லாத கூரிய பற்கள் என்றால் மூஞ்சூறின் கூட்டமோ பூச்சி தின்னும் வௌவாலோ. பல வௌவால்களில் மேல் அண்ணத்தின் முன்பக்கம் நடுவில் ஒரு வெட்டு இருக்கும், முன்பற்கள் இரண்டு பக்கமும் விலகி நிற்கும். கண்குழி முன்நோக்கி இருந்து, பின்பக்கம் எலும்புச் சுவர் மூடியிருந்தால் குரங்கினம். தேவாங்குக்குச் சுவர் இல்லை, எலும்பு வளையம் மட்டும். பல்லே இல்லாமல் நீண்ட குழாய் போல இருந்தால் அலங்கு (உடலெங்கும் செதில் உள்ள எறும்புத்தின்னி) அல்லது தென்னமெரிக்க எறும்புண்ணி. இரண்டும் உறவல்ல என்பதை மறக்காதீர்கள். முன்னால் பக்கத்துக்கு நான்கைந்து வெட்டுப்பற்கள் இருந்தால் உடனே பைம்மாக்களின் பக்கம் திரும்புங்கள். நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளில் பக்கத்துக்கு மூன்றைத் தாண்டாது. அமெரிக்க ஒப்போசத்துக்கு மேலே 5-1-3-4, கீழே 4-1-3-4, மொத்தம் 50.

7. காலும் கொம்பும்

குளம்புள்ளவற்றில் விரல்களை வெறுமனே எண்ணக் கூடாது. உடலின் எடை எந்த விரல் வழியாக இறங்குகிறது என்று பாருங்கள். நடுவிரல் வழியாக இறங்கினால் குதிரை, காண்டாமிருகம், டேபிர் உள்ள ஒற்றைப்படை வரிசை. மூன்றாம், நான்காம் விரல்களுக்கு நடுவே இறங்கினால் மாடு, மான், பன்றி உள்ள இரட்டைப்படை வரிசை. டேபிரின் முன்காலில் நான்கு விரல்கள். எண்ணி முடிவெடுத்தால் தவறிவிடுவீர்கள்.

கொம்பில், எலும்பு நடுத்தண்டின் மேல் நகப்பொருள் உறை இருந்தால் மாட்டுக் குடும்பம். கிளைவிட்டு, முழுதும் எலும்பாக, ஆண்டுதோறும் விழுந்து முளைத்தால் மான். காண்டாமிருகக் கொம்பில் எலும்பே இல்லை. ஆகவே அதன் மண்டையோட்டில் கொம்பு இருந்த இடம் சொரசொரப்பான தளமாக மட்டும் தெரியும்.

கால்தடத்தில் நகக்குறி இல்லாவிட்டால் பூனைக் குடும்பம் என்பார்கள். பெரும்பாலும் சரி. சிறுத்தைப்புலிக்குப் பொருந்தும், சீட்டாவுக்குப் பொருந்தாது. அதன் நகம் முழுதாக உள்ளே போகாது. ஈரமண் இறுகிய நிலையில் நாயின் நகம்கூடப் பதியாமல் போகும். ஒரே தடத்தை நம்பாமல் நான்கைந்து தொடர்ச்சியாகப் படமெடுங்கள்.

8. திறவுகோலைப் பயன்படுத்துவது

வரிசை தெரிந்தபின் குடும்பம், பேரினம் வரை போகத் திறவுகோல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இரண்டு வாக்கியங்கள்; பொருந்துவதைத் தேர்ந்து அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். முதல் வாக்கியம் பொருந்துவதுபோல் இருந்ததும் ஓடிவிடாதீர்கள். இரண்டையும் படித்தபின் முடிவெடுங்கள். எந்த எண் வழியாக வந்தீர்கள் என்பதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். தப்பினால் முழுதும் திரும்பாமல் சந்தேகம் வந்த படிக்குப் போகலாம். உங்கள் நிலப்பகுதிக்கு எழுதப்பட்ட திறவுகோலைத்தான் எடுக்க வேண்டும். வேறு நிலத்துக்கு எழுதியது ஏதாவது ஒரு பெயரைக் கட்டாயம் தரும், தவறான பெயரை.

பெயர் வந்தவுடன் நிறுத்தாதீர்கள். அந்தச் சிற்றினத்தின் முழு விளக்கத்தோடும் அளவுகளோடும் பரவலோடும் ஒப்பிடுங்கள். மூன்றில் ஒன்று ஒத்துவராவிட்டால் திரும்பிப் போங்கள்.

9. பெயர் இன்றும் நடப்பில் இருக்கிறதா?

வகைப்பாடு மாறிக்கொண்டே இருக்கிறது. 2005-இல் வெளிவந்த உலகப் பட்டியலில் 5,416 சிற்றினங்கள். 2018-இல் அமெரிக்கப் பாலூட்டியியலாளர் சங்கத்தின் தரவுத்தளத்தில், அண்மையில் அழிந்தவையும் சேர்த்து, 6,495. பழைய நூலில் பூச்சியுண்ணிகள் என்று ஒரே வரிசை இருந்தால் அது கலைந்துவிட்டது. அதில் இருந்த டென்ரெக்கும் பொன் அகழெலியும் யானை, கடற்பசு சேர்ந்த பெருங்கூட்டத்துக்குப் போய்விட்டன. அவற்றின் மரபணு அப்படிச் சொல்கிறது. திமிங்கிலங்களும் தனி வரிசையாக இல்லாமல் மாடு, மான் உள்ள இரட்டைக்குளம்பிகளுக்குள் வந்துவிட்டன. ஆகவே கையில் இருக்கும் நூல் எந்த ஆண்டு வந்தது என்று முதலில் பாருங்கள். அந்தச் சங்கத்தின் தரவுத்தளமும், எந்த உயிரினம் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று சொல்லும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலும் இணையத்தில் இலவசம்.

அறிவியல் பெயருக்குப் பின்னால், அதை வைத்தவரின் பெயரும் ஆண்டும் சிலவற்றில் அடைப்புக்குறிக்குள் இருக்கும், சிலவற்றில் இருக்காது. அச்சுப்பிழை என்று நினைத்து நான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கினேன். அது பிழையல்ல. புலிக்குப் பாந்தெரா டைகிரிஸ் (லின்னேயஸ், 1758) என்றால், லின்னேயஸ் அதற்குப் பெயர் வைத்தபோது வேறு பேரினத்தில், ஃபெலிஸில், வைத்தார் என்று பொருள். ஹோமோ சேப்பியன்ஸ் லின்னேயஸ், 1758 என்பதில் அடைப்புக்குறி இல்லை, பேரினம் மாறவில்லை. அப்படியே படியெடுங்கள்.

10. செலவு எங்கே போகும், எவ்வளவு நாளாகும்

தொடங்குவதற்குத் தேவையானவை பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ், வெர்னியர் அளவி, ஸ்பிரிங் தராசு, கையுறை, நோட்டு, பென்சில். இதில் காசைப் போட வேண்டிய இடம் வெர்னியர் அளவி. மலிவானதில் முனை வளையும், அளவு நகரும். விலங்கு கடக்கும்போது தானாகப் படமெடுக்கும் கேமரா பொறியை முதல் வருடத்தில் வாங்காதீர்கள். விலைக்கு மேல் மின்கலமும் நினைவக அட்டையும் தொடர்ந்து இழுக்கும். படத்தில் பல் தெரியாது. திறவுகோல் நூல்களில் பாதி நூலகத்தில் கிடைக்கும்.

நேரத்தைப் பற்றி என் அனுபவம்: வீட்டு விலங்குகளின் பற்சூத்திரம் கைவர மூன்று வாரம். பார்த்தவுடன் வரிசையைச் சொல்ல, வாரம் இரண்டு மாலை உட்கார்ந்தால், நான்கு மாதம். குடும்பத்துக்கு இன்னொரு வருடம். அருங்காட்சியகச் சேகரிப்பைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். எந்தக் குடும்பம், எத்தனை மாதிரி, எந்த அளவுகள் என்று குறிப்பிட்டு எழுதினால் பதில் சீக்கிரம் வரும். "எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்" என்று எழுதிய என் முதல் இரண்டு கடிதங்களுக்குப் பதிலே வரவில்லை.

11. எங்கே நிறுத்துவது

சில இடங்களில் எலும்பு மட்டும் போதாது. ஐரோப்பாவின் பிபிஸ்ட்ரெல் வௌவால் நீண்ட காலம் ஒரே சிற்றினமாக எண்ணப்பட்டது. ஒரு கூட்டம் 45 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலி எழுப்புகிறது, இன்னொன்று 55 அளவில் என்று தெரிந்தபின்தான் இரண்டாகப் பிரிந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றே போல. எலி, மூஞ்சூறு, வௌவால் மூன்றிலும் இப்படி நிறைய. மரபணு வரிசையைப் பார்த்தால் பிரியும். அதற்கு ஆய்வகக் கட்டணம், அனுமதி, காத்திருப்பு மூன்றும் உண்டு, தொடக்கத்திலேயே அங்கே போக வேண்டாம்.

அப்படிப்பட்ட நேரத்தில் பேரினத்தோடு நிறுத்தி, சிற்றினம் உறுதியில்லை என்று எழுதுங்கள். குடும்பத்தோடு நின்றாலும் சரி. எந்த அடையாளம் வரை பார்த்தீர்கள், எது தெளிவில்லை என்று பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒன்பது மண்டையோடுகளின் சீட்டுகளையும் நான் இப்படித்தான் திருத்தி எழுதி, அனுமதிக்கு உட்பட்டவற்றை உரிய அலுவலகத்தில் ஒப்படைத்தேன். இடமும் தேதியும் இருந்த இரண்டை மட்டும் ஓர் அருங்காட்சியகம் வாங்கி, சேகரிப்பில் சேர்த்து எண் கொடுத்தது. அதில் ஒன்று, நான் எலி என்று ஒட்டியிருந்த அந்த மூஞ்சூறு.